பழைய எச்81 போர்டு, புதிய கேசிங்: முன்பக்க வயர்கள் எது எங்கே போகும்?

பால்மரக்காடு, சுங்கை சிப்புட்:

வணக்கம். தோட்ட மண்டபத்தில் மாலை வகுப்புக்கு வைக்கும் கணினிக்குக் கேசிங் மாற்றுகிறேன். போர்டு (மதர்போர்டு) எச்81 சிப்செட், மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, சிபியு நான்காம் தலைமுறை ஐ5. கையேடு இல்லை. பழைய கேசிங்கின் முன்பக்கம் துருவேறி, பவர் பட்டன் உள்ளே போனால் வெளியே வர மறுக்கிறது. அதனால்தான் மாற்றுகிறேன்.

புதிய கேசிங்கிலிருந்து வரும் வயர்கள் இவை: பவர் சுவிட்ச், ரீசெட் சுவிட்ச், ஹார்ட் டிஸ்க் விளக்கு, பவர் விளக்குக்கு + என்றும் − என்றும் தனித்தனியாக இரண்டு ஒற்றைத் துளை முனைகள். அதோடு ஒன்பது துளை யுஎஸ்பி ஒன்று, தடித்த நீல முனையோடு யுஎஸ்பி 3.0 ஒன்று, டைப்-சிக்கு என்று நினைக்கிறேன் சின்னதாய் தட்டையாய் ஒன்று. கடைசியாக, ஒரே வயரில் எச்டி ஆடியோ, ஏசி97 என்று இரண்டு தலை.

போர்டின் வலது கீழ் மூலையில் எஃப்_பேனல் (முன்பக்கப் பட்டன், விளக்கு வயர்கள் சொருகும் முள் தொகுதி) இருக்கிறது. ஒன்பது முள், நிறம் இல்லை, எழுத்து பாதி அழிந்துவிட்டது. கீழ் ஓரத்தில் யுஎஸ்பி இரண்டு, காம் (பழைய சீரியல் போர்ட்டுக்கானது) ஒன்று. இடது மூலையில் ஆடியோ. எல்லாமே இரட்டை வரிசை, எல்லாவற்றிலும் ஒரு முள் இல்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். நீல முனைக்கு இடமே காணோம்.

பவர், ரீசெட், விளக்குகள் ஆகியவற்றை மட்டும் குத்துமதிப்பாகச் சொருகிப் பார்த்தேன். ஆன் ஆகிறது. ஆனால் இரண்டு விளக்கும் எரியவில்லை, ரீசெட் அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. யுஎஸ்பியையும் ஆடியோவையும் தொடவில்லை, எதையாவது எரித்துவிடுவேனோ என்று பயம். தெரிந்த அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லுங்கள்.


ஈயப்பற்று, ஈப்போ:

தம்பி, தொடாமல் நிறுத்தியது சரியான முடிவு. அடுத்து எதைச் செய்வதற்கு முன்பும் 13 ஆம்பியர் மூன்று முள் ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஷட் டவுன் செய்தால் மட்டும் போதாது. அணைந்திருக்கும் கணினியிலும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும், பல போர்டுகளில் முன்பக்க யுஎஸ்பி முள்ளிலும் அது நிற்கும். ப்ளக்கைக் கழற்றியதும் பவர் பட்டனை ஐந்து வினாடி அமுக்கிப் பிடியுங்கள், கெப்பாசிட்டரில் மிச்சமிருப்பது வடிந்துவிடும். போர்டில் ஸ்டாண்ட்பை விளக்கு இருந்தால் அது அணைந்த பிறகு கை வையுங்கள்.

எஃப்_பேனலுக்கு வருவோம். எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை, இல்லாத முள் ஒன்றே வழி காட்டும். ஒன்பது முள் எஃப்_பேனல் பெரும்பாலும் இன்டெல் வகுத்த வரிசைப்படியே இருக்கும். முள் இல்லாத மூலை உங்களுக்கு வலது கீழே வரும்படி பாருங்கள்:

1   3   5   7   9
2   4   6   8   ×

ஐந்து முள் வரிசையில் 1 ஹார்ட் டிஸ்க் விளக்கு +, 3 அதன் −. 5, 7 இரண்டும் ரீசெட். 9ஐச் சும்மா விடுங்கள். நான்கு முள் வரிசையில் 2 பவர் விளக்கு +, 4 அதன் −. 6, 8 இரண்டும் பவர் சுவிட்ச். எண்ணிக்கையை எப்போதும் காலி மூலைக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

இனி நீங்கள் சொன்ன அறிகுறிகள். ஆன் ஆகிறது என்றால் 6, 8 சரி. ரீசெட் வேலை செய்யவில்லை என்றால், அந்த முனை ஒரு முள் தள்ளி 7இலும் 9இலும் உட்கார்ந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். ஐந்து முள் வரிசையைக் கோடியிலிருந்து எண்ணினால் இந்தத் தவறு தானாக வரும். இன்டெல் வரிசையில் 9ஆம் முள்ளுக்கு 5 வோல்ட் ஒதுக்கியிருக்கிறார்கள், சில போர்டுகளில் அது வெறும் முள். உங்கள் போர்டில் எது என்று தெரியாத வரை அந்த நிலையில் ரீசெட்டை இன்னொரு முறை அமுக்காதீர்கள்.

விளக்குகள் எரியாததற்குப் பெரும்பாலும் + − மாறியிருப்பதுதான் காரணம். எல்இடி ஒரு திசையில் மட்டும்தான் மின்னோட்டத்தை விடும். திருப்பிப் போட்டால் எரியாது, கெடவும் கெடாது, கழற்றித் திருப்பினால் போதும். சுவிட்ச் அப்படி இல்லை. அமுக்கும்போது இரண்டு முள்ளை ஒரு கணம் இணைத்துவிடுவது மட்டுமே அதன் வேலை, எனவே எந்தப் பக்கம் போட்டாலும் சரி. நிறமுள்ள வயர் +, வெள்ளை அல்லது கறுப்பு − என்பது வழக்கம். ஆனால் மலிவான கேசிங்குகளில் நிறத்தை நம்ப முடியாது. முனையின் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன முக்கோணம் அச்சாகியிருக்கும், அது + பக்கம். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

கையேடு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். போர்டின் மாடல் எண் விரிவாக்கச் சந்துகளுக்கு (கூடுதல் கார்டுகள் சொருகும் இடங்களுக்கு) நடுவே பெரிய எழுத்தில் இருக்கும், பதிப்பு எண் ஓரத்தில் சின்னதாக இருக்கும். இரண்டையும் வைத்துத் தயாரிப்பாளர் தளத்தில் கையேட்டை இறக்குங்கள். ஸ்பீக்கரையும் சேர்த்து இருபது முள் இடத்தில் எல்லாவற்றையும் வைக்கும் போர்டுகள் உண்டு, அவற்றுக்கு மேலே சொன்ன படம் பொருந்தாது. உங்களுடையது ஒன்பது முள் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.


மஞ்சள்_மல்டிமீட்டர், தைப்பிங்:

ஈயப்பற்று அண்ணன் எஃப்_பேனலை முடித்துவிட்டார். நான் யுஎஸ்பி, ஆடியோ, காம் மூன்றையும் பிரித்துச் சொல்கிறேன். தம்பி "எல்லாம் ஒன்றுதான்" என்றாரே, எரிவதெல்லாம் அந்த இடத்தில்தான்.

எல்லாமே ஐந்து ஜோடி, முள்ளுக்கு முள் 2.54 மில்லிமீட்டர். வித்தியாசம் காலி இடத்தில் இருக்கிறது. யுஎஸ்பி 2.0இல் 9ஆம் முள் இருக்காது, அது ஒரு மூலை. காமில் 10ஆம் முள் இருக்காது, அதுவும் மூலைதான், ஆனால் எதிர் வரிசை மூலை. ஆடியோவில் 8ஆம் முள் இருக்காது. அது மூலை இல்லை, ஓரத்திலிருந்து இரண்டாவது. கேசிங் முனையைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் ஒரு துளை அடைத்திருக்கும். அடைத்த துளையும் இல்லாத முள்ளும் நேருக்கு நேர் வந்தால்தான் அது அதற்குரியது.

இந்தப் பொருத்தம் சரியாக இருந்தால் முனை விரல் நுனி அழுத்தத்திலேயே இறங்கும். இறங்கவில்லை என்றால் இடம் தவறு அல்லது முள் வளைந்திருக்கிறது. பலம் கொடுத்து இறக்கவே கூடாது. ஆடியோ முனையைப் பலவந்தமாக யுஎஸ்பி முட்களில் இறக்கினால் ஒரு முள் மடங்கிப் பக்கத்து முள்ளைத் தொடும். யுஎஸ்பியின் முதல் ஜோடி இரண்டுமே 5 வோல்ட் என்பதை மறக்காதீர்கள்.

யுஎஸ்பி 2.0 முட்களின் வரிசை இது. 1, 2 ஜோடி 5 வோல்ட். 3, 4 டேட்டா −. 5, 6 டேட்டா +. 7, 8 கிரவுண்ட். 10இல் இணைப்பு இல்லை. ஒற்றைப்படை வரிசை ஒரு போர்ட், இரட்டைப்படை வரிசை இன்னொரு போர்ட். அதனால் போர்டில் இரண்டு யுஎஸ்பி இடம் என்றால் மொத்தம் நான்கு போர்ட். எது முதல், எது இரண்டாவது என்ற கவலை வேண்டாம், எதில் சொருகினாலும் சரி.

ஆடியோவில் எச்டி ஆடியோ என்று எழுதிய தலையை மட்டும் போடுங்கள். ஏசி97 தலையை மடித்து, உலோகம் எதிலும் உரசாதபடி டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஏசி97 1997இல் வந்தது, இன்டெல் எச்டி ஆடியோ 2004இல் அதன் இடத்தைப் பிடித்தது. எச்டி ஆடியோவில் ஜாக் சொருகியதைச் சொல்லும் உணர்வுக் கம்பிகள் தனியாக உண்டு. ஏசி97 தலையைப் போட்டால் அந்தச் செய்தி போர்டுக்குப் போகாது, ஹெட்போன் சொருகினாலும் சத்தம் பின்பக்கத்திலேயே நிற்கும். ஏசி97 மட்டுமே உள்ள பழைய கேசிங் என்றால் பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில்) முன்பக்க ஆடியோ வகையை ஏசி97 என்று மாற்ற வேண்டும், இல்லையென்றால் ரியல்டெக் மென்பொருளில் முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்த வேண்டும். உங்களுக்கு இரண்டுமே தேவைப்படாது.

ஆடியோ வயர் கேசிங்கின் முன்னாலிருந்து போர்டின் பின் மூலை வரை போக வேண்டும். நேராக இழுத்தால் எட்டும், ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கும் விசிறிகளுக்கும் மேலே கிடக்கும். போர்டு தட்டின் பின்புறமாக அனுப்பி இடது கீழ் ஓட்டை வழியாக வெளியே எடுங்கள். பவர் சப்ளையின் வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள், ஹெட்போனில் ஊ என்று ஓர் இரைச்சல் கேட்கும்.


பழைய_போர்டு, லூனாஸ்:

அக்கா சொன்ன அடையாளத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. தம்பியின் எச்81இல் இது வராது. ஆனால் செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்கிப் பழுது பார்ப்பவர்கள் இந்த இழையைப் படிப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்ஜிஏ775 (பழைய இன்டெல் சிபியு சாக்கெட்) காலத்துப் போர்டுகள் சிலவற்றில் 1394 என்று எழுதிய ஒரு முள் தொகுதி இருக்கும், ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கானது. அதிலும் 9ஆம் முள்தான் இல்லை. அதாவது யுஎஸ்பி முனை அதில் அழகாக, ஒரு தடையும் இல்லாமல் இறங்கிவிடும். யுஎஸ்பியில் கிரவுண்ட் இருக்கும் 7, 8 முட்களில் அங்கே 12 வோல்ட் நிற்கிறது. சொருகிய முதல் பென்டிரைவ் அந்த நிமிடமே போய்விடும். துளை அடைப்பு பொருந்தியது என்பதற்காக இடம் சரி என்று முடிவு கட்டாதீர்கள். போர்டில் அச்சிட்ட பெயரையும் படியுங்கள். பெயர் அழிந்திருந்தால் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள், கறுப்புக் கம்பியைக் கேசிங்கின் பெயிண்ட் இல்லாத திருகாணியில் வையுங்கள், கணினியை ஆன் செய்து சிவப்புக் கம்பியால் ஒவ்வொரு முள்ளாகத் தொடுங்கள். யுஎஸ்பி என்றால் ஒரு கோடியில் ஜோடியாக 5 வோல்ட் காட்டும், எதிலும் 12 வராது. கறுப்புக் கம்பியைப் பக்கத்து முள்ளில் வைத்து அளக்காதீர்கள். கை நழுவினால் ஷார்ட்.

பழைய கேசிங்குகளில் யுஎஸ்பி வயர் ஒற்றை ஒற்றையாகவும் வரும். சிவப்பு 5 வோல்ட், வெள்ளை டேட்டா −, பச்சை டேட்டா +, கறுப்பு கிரவுண்ட். அந்த மாதிரி கேசிங்கில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் சொருகும் சாமான் எரியும். நல்ல பென்டிரைவ் சொருகும் முன் போர்ட்டில் வோல்ட் பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும், குறி + ஆக இருக்க வேண்டும்.

ஈயப்பற்று அண்ணே, ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. ப்ளக்கை அப்படியே விட்டுவிட்டுச் சுவர் சுவிட்சை மட்டும் அணைத்தால் எர்த் இணைப்பு நிற்குமே, உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதன் வழியே போய்விடுமே?


ஈயப்பற்று, ஈப்போ:

எர்த் உண்மையாக இருக்கும் வீட்டில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தோட்டத்துப் பழைய லைன் வீடுகளிலும் மண்டபங்களிலும் சாக்கெட்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. லைனும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்ச் அணைத்த பிறகும் உள்ளே லைன் வந்து நிற்கும். 230 வோல்ட்டை நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம். கழற்றிவிடுவதே நல்லது. நிலைமின்சாரத்துக்கு, பவர் சப்ளையின் பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள், நடுநடுவே திரும்பத் தொடுங்கள். உடம்பும் கேசிங்கும் போர்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும்.


பால்மரக்காடு, சுங்கை சிப்புட்:

நன்றி. அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது, ரீசெட் 7, 9இல்தான் கிடந்தது. மாற்றினேன், வேலை செய்கிறது. ஹார்ட் டிஸ்க் விளக்கைத் திருப்பினேன், எரிகிறது. பவர் விளக்கு மட்டும் இரண்டு விதமாகப் போட்டும் எரியவில்லை.

யுஎஸ்பி 2.0 சொருகி வோல்ட் பார்த்தேன், 5.06. பென்டிரைவ் நன்றாக ஓடுகிறது. ஆனால் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் சொருகினால் டிக், டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, விண்டோஸில் தெரியவில்லை. ஆடியோவில் எச்டி தலையைப் போட்டேன், இடது காதில் மட்டும் சத்தம்.

நீல முனையை என்ன செய்வது? கடையில் 19 முள்ளிலிருந்து 9 முள்ளுக்கு மாற்றும் வயர் ஒன்றும், பிசிஐஇ கார்டு ஒன்றும் காட்டினார்கள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் முன்பக்கத்தில்தான் சொருகுவார்கள், அதனால் இதைச் சரியாகச் செய்ய ஆசை.


மஞ்சள்_மல்டிமீட்டர், தைப்பிங்:

ஒவ்வொன்றாக வருகிறேன்.

பவர் விளக்கு. பழுது போர்டிலா விளக்கிலா என்று முதலில் பிரியுங்கள். அந்த இரண்டு முனையையும் கழற்றி, ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரியின் இரண்டு முகத்திலும் தொட்டுப் பாருங்கள், திருப்பியும் தொடுங்கள். 3 வோல்ட்தான், எல்இடிக்கு ஆபத்தில்லை. எரிந்தால் விளக்கு நல்லது, போர்டில் நீங்கள் சொருகிய இடம்தான் தவறு. எரியாவிட்டால் விளக்கோ வயரோ போய்விட்டது. அதே வயரை ஹார்ட் டிஸ்க் விளக்கின் முள்ளில் போட்டுப் பார்ப்பது இன்னும் சுலபம். மீட்டரின் டயோட் முறையில் பார்க்காதீர்கள், நீல, வெள்ளை எல்இடிகள் ஏறத்தாழ 3 வோல்ட் கேட்கும், மலிவு மீட்டர்கள் அவ்வளவு கொடுப்பதில்லை. நல்ல விளக்கைப் போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒற்றைத் துளை முனைகளில் இன்னொரு தொல்லை, உள்ளே இருக்கும் உலோகப் பிடி பின்னால் நழுவியிருக்கும். பிளாஸ்டிக் முள்மேல் உட்கார்ந்திருக்கும், உலோகம் முள்ளைத் தொட்டிருக்காது. முனையின் பக்கவாட்டுச் சன்னலில் பாருங்கள், உலோக நாக்கு அந்தச் சன்னலில் மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வயரைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினால் கிளிக் என்று மாட்டிக்கொள்ளும்.

ஒரு காது. எச்டி ஆடியோவில் 5ஆம் முள் வலது காது, 9ஆம் முள் இடது காது. வலது வரவில்லை என்றால் முதலில் ஹெட்போனைப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் சொருகிக் காட்டுங்கள். அங்கே இரண்டு காதும் கேட்டால் ஹெட்போன் நல்லது. பிறகு முனையைக் கழற்றி 5ஆம் முள் நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் முனை மேலோட்டமாக இறங்கும், அந்த ஒரு முள் மட்டும் துளைக்கு வெளியே மடங்கி நிற்கும். உள்ளே கரிக்குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் உலோக நுனியை முள்மேல் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம். ஒரே ஒரு முறை. முன்னும் பின்னும் நான்கு தடவை வளைத்தால் முள் அடியோடு ஒடியும்.

ஒரே ஜாக்கில் ஹெட்போனும் மைக்கும் சேர்ந்த கேசிங்காக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அது நான்கு வளைய ஜாக். சாதாரண மூன்று வளைய ஹெட்போனும் அதில் வேலை செய்யும், ஆனால் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். புதிய ஜாக் இறுக்கமாக இருக்கும், பாதி இறங்கினால் ஒரு காதுதான் கேட்கும்.

டிக் டிக். பென்டிரைவ் ஓடுகிறது, ஹார்ட் டிஸ்க் ஓடவில்லை என்றால் டேட்டா வயர்களில் பழுதில்லை, மின்சாரம்தான் போதவில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்கக் கடமைப்பட்டது. யுஎஸ்பி 3.0 கொடுப்பது 900. சுழலும் ஹார்ட் டிஸ்க் கிளம்பும்போது 500ஐத் தாண்டி இழுக்கும். அதோடு கேசிங்கின் மெல்லிய நீண்ட வயரில் கொஞ்சம் வோல்ட் விழுகிறது. நீங்கள் அளந்த 5.06 சும்மா இருக்கும்போது வந்த அளவு, ஹார்ட் டிஸ்க் இழுக்கும்போது அளந்தால் குறையும். தட்டு முழு வேகத்துக்கு வர முடியாமல் தலை திரும்பத் திரும்பப் பின்வாங்குகிறது, அதுதான் அந்தச் சத்தம். அப்படியே விட்டு முயன்றுகொண்டிருக்காதீர்கள், டிஸ்க் கெடும். அதைப் பின்பக்க நீல போர்ட்டில் மட்டும் சொருகச் சொல்லுங்கள்.


ஈயப்பற்று, ஈப்போ:

நீல முனையைப் பற்றி நான் சொல்கிறேன்.

எச்81 சிப்செட்டில் யுஎஸ்பி 3.0 மொத்தமே இரண்டு. பல போர்டுகளில் இரண்டையும் பின்பக்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் முன்பக்கத்துக்கு 19 முள் இடம் உங்கள் போர்டில் இல்லை.

மாற்று வயர் மலிவு, ஐந்து நிமிட வேலை. உங்களிடம் மிச்சமிருக்கும் இரண்டாவது யுஎஸ்பி 2.0 இடத்தில் போகும். போர்ட் நீலமாக இருந்தாலும் வேகம் 2.0தான், வினாடிக்கு 480 மெகாபிட். கோப்பு நகர்த்தும்போது கையில் கிடைப்பது 30 முதல் 40 மெகாபைட். 4 ஜிபி வீடியோவுக்கு இரண்டு நிமிடம் ஆகும். பாடக் குறிப்பு, படம், அச்செடுக்கும் கோப்பு என்றால் பிள்ளைகளுக்கு இந்த வேகம் தாராளம். என் தெரிவு இதுதான்.

வாங்கும்போது கவனம். ஒரே மாதிரி இரண்டு வயர் விற்கிறார்கள். உங்களுக்குத் தேவையானதில் போர்டுக்குப் போகும் தலையில் ஒன்பது துளை இருக்கும், மறுதலையில் 19 முள் நிமிர்ந்து நிற்கும், கேசிங்கின் நீல முனை அதில் இறங்கும். துளையும் முள்ளும் தலைகீழாக இருந்தால் அது பழைய கேசிங்கைப் புதிய போர்டில் மாட்டுவதற்கானது, உங்களுக்கு உதவாது.

பிசிஐஇ கார்டு (விரிவாக்கச் சந்தில் சொருகுவது) போட்டால் 3.0 வேகமும் 900 மில்லிஆம்பியரும் கிடைக்கும். கார்டின் மேல் 19 முள் இடம் இருக்க வேண்டும், பின்பக்கம் மட்டும் போர்ட் உள்ள கார்டு பயன்படாது. கார்டில் சாட்டா பவர் அல்லது மோலெக்ஸ் பவர் துளை இருந்தால் பவர் சப்ளையிலிருந்து வரும் அந்த வயரைக் கட்டாயம் சொருகுங்கள், விட்டுவிட்டால் மறுபடியும் அதே டிக் டிக்தான். எச்81இன் சிறிய பிசிஐஇ சந்து இரண்டாம் தலைமுறை, வினாடிக்கு 500 மெகாபைட்தான் உச்சம், இரண்டு போர்ட்டும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கை முன்னாலேயே சொருக வேண்டும் என்றால் மட்டும் கார்டு வாங்குங்கள்.

அந்தத் தட்டையான சின்ன முனை டைப்-இ, முன்பக்க டைப்-சி போர்ட்டுக்கானது. எச்81 காலத்துப் போர்டில் அதற்கு இடம் கிடையாது. 19 முள்ளிலிருந்து டைப்-இக்கு மாற்றும் துண்டு உண்டு, ஆனால் அதற்கு உண்மையான 3.0 இடம் வேண்டும், கார்டு போட்டால்தான் பேச்சு. இப்போதைக்கு முனையின் வாயில் டேப் ஒட்டிக் கட்டிவையுங்கள். முன்பக்க டைப்-சி துளைக்கும் ஒரு ரப்பர் மூடி போடுங்கள். வேலை செய்யாத துளையில் பிள்ளைகள் சார்ஜரைத் திணிப்பார்கள்.

19 முள் முனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதன் முள் இடைவெளி 2 மில்லிமீட்டர்தான், மெல்லியவை. முனையில் இருக்கும் மேட்டைச் சுற்றுச்சுவரில் உள்ள வெட்டுக்கு நேராக வைத்துச் செங்குத்தாக இறக்குங்கள். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. முனையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, நீளவாக்கில் மிக மெல்ல ஆட்டி மேலே எடுங்கள். அவசரப்பட்டால் முனையோடு சேர்ந்து பிளாஸ்டிக் சுற்றுச்சுவரே கழன்று வரும், முட்கள் அம்மணமாக நிற்கும்.


பழைய_போர்டு, லூனாஸ்:

எல்லாப் பிள்ளைகளும் முன்பக்கத்தில் சொருகுவார்கள் என்று தம்பி சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். பென்டிரைவைத் தலைகீழாகத் திணித்தால் போர்ட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஒடியும், அதன்மேல் உள்ள தகடு வளைந்து கூட்டைத் தொடும். அடுத்த முறை ஆன் செய்யும்போது சில போர்டுகள் திரையில் யுஎஸ்பி ஓவர் கரண்ட் என்று எழுதிக்காட்டி 15 வினாடியில் தானாக அணைந்துவிடும். போர்டே போய்விட்டது என்று பயப்படுவார்கள். போர்டு தன்னைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ப்ளக்கைக் கழற்றி, முன்பக்க யுஎஸ்பி முனைகளைப் போர்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். எந்த முனையை எடுத்ததும் செய்தி மறைகிறதோ, அந்தப் போர்ட்டில்தான் ஷார்ட். பிறகு டார்ச் அடித்து நாக்கைப் பாருங்கள்.

ரீசெட்டும் அப்படித்தான். கணினி கிளம்பிக் கிளம்பி அணைந்தால், அல்லது விசிறி சுற்றியும் திரை வராமல் இருந்தால், ரீசெட் முனையை மட்டும் கழற்றிப் பாருங்கள். பட்டன் உள்ளே சிக்கி நின்றால் போர்டு நிரந்தரமாக ரீசெட்டிலேயே கிடக்கும். பவர் பட்டன் சிக்கினால் ஆன் ஆகி நாலைந்து வினாடியில் அணையும், ஏனென்றால் நான்கு வினாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் வலுக்கட்டாயமாக அணைப்பது என்பது விதி. உங்கள் பழைய கேசிங் கொஞ்ச நாளில் அங்கேதான் போயிருக்கும். மண்டபத்தில் அவசரத்துக்குப் பவர் பட்டன் கெட்டால் ரீசெட் முனையை எடுத்து 6, 8இல் போடுங்கள், ரீசெட் பட்டனே பவர் பட்டன் ஆகிவிடும்.

மீட்டரில் தொடர்ச்சி ஒலி முறை இருந்தால் சுவிட்சைப் போர்டில் மாட்டுவதற்கு முன்பே சோதிக்கலாம். அமுக்கும்போது பீப், விட்டதும் நிற்க வேண்டும். விட்ட பிறகும் பீப் வந்தால் அந்தப் பட்டனை மாட்டாதீர்கள்.


பால்மரக்காடு, சுங்கை சிப்புட்:

பவர் விளக்கு எரிகிறது. அக்கா சொன்னதுதான், − முனையில் உலோக நாக்கு பின்னால் நழுவியிருந்தது, தள்ளியதும் கிளிக் என்று மாட்டிக்கொண்டது. ஆடியோவில் முள் நேராகத்தான் இருக்கிறது, ஹெட்போன் ஜாக்கைக் கொஞ்சம் பலமாக அமுக்கியதும் இரண்டு காதும் வந்துவிட்டது. மாற்று வயர் வாங்கப்போகிறேன், ஒன்பது துளைத் தலை, 19 முள் தலை.

கடைசியாக ஒன்று. மண்டபம் ஆற்றோரம், ஈரக்காற்று அதிகம், பல்லியும் எறும்பும் உண்டு. போர்ட்டுகளுக்கு ஏதாவது எண்ணெய் அடித்து வைக்கலாமா?


மஞ்சள்_மல்டிமீட்டர், தைப்பிங்:

எண்ணெய் வேண்டாம் தம்பி. தூசி அதில் ஒட்டி பசையாகும், அந்தப் பசை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தகட்டில் பச்சை பூத்தால் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய பல்துலக்கியில் தொட்டு, ப்ளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். பல்லி எச்சம் முட்கள்மேல் விழுந்து ஈரமானால் மின்சாரம் கடத்தும், அதனால் பயன்படுத்தாத விரிவாக்கச் சந்துகளுக்குப் பின்னால் தகடு விட்டுப்போயிருந்தால் போட்டு மூடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது கணினி ஓடினால் உள்ளே சூடு நின்று ஈரம் தங்காது.

முன்பக்க போர்ட் இரண்டிலும் அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒவ்வொன்றைச் சொருகி, கேசிங் பக்கத்தில் கட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அதன் நுனியில் சொருகட்டும். தேய்ந்தால் வயரை மாற்றினால் போதும், முன்பக்கத்தைக் கழற்ற வேண்டாம். மெல்லிய வயராக வாங்காதீர்கள், வோல்ட் விழும்.

கதவை மூடுவதற்கு முன் ஏசி97 தலையும் டைப்-இ முனையும் சிபியு விசிறிக்கு எட்டாத இடத்தில் கட்டியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.